கையெழுத்துக்கு இரண்டு விரல் மேலே

அப்பாவின் விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. யாராவது பேசினால் போதும், அந்தப் பேச்சைக் கைக்குக் கிடைத்த இடத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவார். தொடை மேல், பஸ்ஸில் முன் இருக்கையின் கம்பி மேல், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில். நான் குழந்தையாக இருந்தபோது என் முதுகிலும். வாக்கியம் முடிந்தால் இடது கை காற்றில் ஒரு சின்னத் தள்ளு தள்ளும். மெஷினில் அடுத்த வரிக்குப் போகிற தள்ளு அது. அம்மா திட்டும்போதும் இதேதான்.

"நான் தொண்டை கிழியக் கத்துறேன், மனுஷன் அடிச்சுக்கிட்டே இருக்காரு பாரு. முடிச்சதும் எனக்கு ஒரு நகல் குடுத்துடுங்க. அடுத்த தடவை கத்தாம அதையே நீட்டிடறேன்" என்பாள்.

அப்பா சிரிப்பார். சிரிப்புக்கு நடுவிலேயே விரல்கள் 'நீட்டிடறேன்' என்பதையும் அடித்து முடிக்கும்.

"என்ன அடிக்கிறோம்னு தெரிஞ்சுதான் அடிக்கிறீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும்.

"விரலுக்குத் தெரியும் பாப்பா. எனக்கு எதுக்கு?" என்றார்.

அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து ஒரு நீதிபதி ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டார்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். டைப்பிங் பயிற்சிக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், எல்லோரும் போன பிறகு அங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு நீதிமன்ற வளாகத்தில் ஒரு மேசை கிடைத்தது. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஏழு மேசைகள், அவருடையது மூன்றாவது. கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்ததால் எந்த வக்கீலும் ஒரு நாளில் இரண்டு தடவையாவது அவரைக் கடந்துதான் ஆக வேண்டும். "நாத்தம் பிடிச்ச இடம்தான், ஆனா ராசியான இடம்" என்பார். வக்கீல்கள் அவரை 'டைப்பு' என்று கூப்பிட்டார்கள். மற்ற மேசைக்காரர்களுக்கு 'டைப்பு அண்ணன்'. அவருடைய பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்ட நினைவே எனக்கு இல்லை. குற்றப்பத்திரிகையில்தான் முதல்முறையாக முழுப்பெயரும் தகப்பன் பெயரும் வந்தன.

எல்லா மேசைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அப்பாவிடமும் ஒன்று இருந்தது. ஆனால் பழைய மெஷினை அவர் ஒரே ஒரு வேலைக்காக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களுக்காக.

அது அந்த வளாகத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். கட்சிக்காரர் தூரத்திலிருந்து வந்திருப்பார், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், வக்கீல் இன்னும் மனுவை முடிவு செய்திருக்க மாட்டார். "கீழே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பார் வக்கீல். வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்து விழும். விஷயம் பிறகு வரும். பிரிண்டரில் அந்தத் தாளைப் போட்டால் எழுத்து கையெழுத்தின் மேலேயே ஏறிவிடும், அல்லது பாதிப் பக்கம் காலியாக நிற்கும். அப்பா மெஷினில் தாளைச் சுற்றி, கையெழுத்து எங்கே இருக்கிறதென்று ஒரு முறை பார்ப்பார். விஷயம் நீளமாக இருந்தால் நடுவிலிருந்தே வரிகளை நெருக்குவார், குறைவாக இருந்தால் தளர்த்துவார். கடைசி வரி கையெழுத்துக்குச் சரியாக இரண்டு விரல் மேலே வந்து நிற்கும். முதலில் அடித்துவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்கியது போலவே இருக்கும். மற்ற ஆறு மேசைக்காரர்களும் இந்த வேலை வந்தால் அப்பாவிடம்தான் அனுப்புவார்கள்.

கல்லூரியில் என் தோழிகள் இருவரை அழைத்துப் போய் இதைக் காட்டியிருக்கிறேன், வித்தை காட்டுவது போல. அவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் வேதியியல் பட்டம் இந்த மாதிரிப் பக்கங்களால்தான் வந்தது. அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் படித்துப் பார்க்கவில்லை.

வழக்கு ஒரு தையல்காரம்மாவால் வந்தது. கணவரை இழந்தவர். மாமனார் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். அந்த முன்னறை தனக்கு வேண்டும் என்று அவருடைய கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தார். தையல்காரம்மாவுக்கு வக்கீலாக வந்தவர் வளாகத்தில் எல்லோராலும் 'பெரியவர்' என்று அழைக்கப்பட்டவர். வக்கீல் சங்கத்தின் தலைவராக நான்கு முறை இருந்தவர். பாதிப் பேர் அவரிடம் ஜூனியராக இருந்தவர்கள், மீதிப் பேர் அவர்களிடம் ஜூனியராக இருந்தவர்கள்.

தையல்காரம்மாவுக்கு அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகளைக் கொடுக்க வேண்டிய அவசரம். பெரியவர் சொன்னபடி அப்பாவின் மேசையில் மூன்று வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று மனுவுக்கு, ஒன்று பிரமாணப் பத்திரத்துக்கு, ஒன்று பிழை வந்தால் மாற்றுவதற்கு. மனுவை அப்பா அன்றே அடித்தார். மூன்று வாரம் கழித்துப் பெரியவர் தானே மேசைக்கு வந்து, கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தார். அப்பா அதை இரண்டாவது தாளில் அடித்தார். வழக்கப்படி கையால் எழுதிய பக்கமும் அடித்த தாளும் ஒன்றாக வக்கீலிடமே திரும்பிப் போயின. அதில் இருந்தது பிரமாணப் பத்திரம் அல்ல. முன்னறையில் தனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று தையல்காரம்மா மனமொப்பிச் சொல்லும் சம்மதம்.

கடையைப் பூட்ட நீதிமன்ற ஆள் வந்தபோதுதான் தையல்காரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. போலீசுக்குப் போனார். பெரியவர் அமைதியாக வாக்குமூலம் கொடுத்தார்: கையெழுத்துப் போட்ட தாள்கள் டைப்பிஸ்டிடம்தான் இருந்தன, எதிர்த் தரப்பு அவனை வளைத்திருக்க வேண்டும், என் குமாஸ்தா நம்பி வாங்கித் தாக்கல் செய்துவிட்டான். கொழுந்தன், "அவங்க தரப்பு கொடுத்த காகிதம், எனக்கென்ன தெரியும்" என்று முடித்துக்கொண்டார். போலி ஆவணம், மோசடி. அப்பாவை மேசையிலிருந்தே கூட்டிப் போனார்கள். மெஷினையும் எடுத்துப் போனார்கள். இரண்டும் ஒரே வண்டியில் போனதாக அடுத்த மேசைக்காரர் சொன்னார்.

அம்மா மருந்து பேக்கிங் கம்பெனியில் ஒரு வாரம் விடுப்புச் சொன்னாள். நாங்கள் வக்கீல் தேடினோம்.

தேடுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த வளாகத்தில் என்னைத் தூக்கி வளர்க்காத வக்கீல் இல்லை. முதலில் தடிமனான கண்ணாடி போட்ட வக்கீலிடம் போனோம். அவர் தொழிலுக்கு வந்த புதிதில் அவருடைய மனுக்களில் சட்டப் பிரிவு எண் தப்பாக இருந்தால் அப்பா பென்சிலில் குறித்துக் கொடுப்பாராம். அவரே சொல்லியிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் இல்லன்னா நான் இன்னிக்கு இந்த நாற்காலியில இல்லம்மா" என்றார் அம்மாவிடம். "டீ சொல்றேன், உக்காருங்க."

டீ வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா பாருங்க, பெரியவர் எனக்கு சீனியருக்கே சீனியர். அவர் பொய் சொல்றார்னு நான் எழுந்து நின்னு எப்படிச் சொல்றது?"

"அவர் பொய்தானே சொல்றாரு?" என்றாள் அம்மா.

"டீ ஆறுது, குடிங்க" என்றார்.

அடுத்து ஒரு பெண் வக்கீல். நேர்மையானவர் என்று பெயர். அவர் சுற்றி வளைக்கவில்லை. "எடுத்துக்கறேன். ஆனா பெரியவர் பேரு என் வாயிலிருந்து வராது. அடுத்த கட்சிக்காரருக்கு அடிக்க வேண்டிய விஷயம் மெஷின்ல மாறிப் போயிடுச்சு, வேணும்னு செய்யலன்னு சொல்லலாம்" என்றார்.

"மெஷின் தானா மாத்தி அடிச்சதா?" அம்மா எழுந்துகொண்டாள். "அப்ப மெஷின் மேலயே கேஸு போடுங்க. அதான் ஏற்கெனவே உள்ள இருக்குதே. மனுஷனை விட்டுடுங்க."

ஒருவர் உடம்பு சரியில்லை என்றார். ஒருவர் மகள் கல்யாணம் என்றார். அவருக்கு இரண்டும் பையன்கள். சங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்த்தேன். யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. எழுதியிருந்தால் அதை எதிர்த்து எங்கேயாவது ஒரு மனு கொடுக்கலாம். எழுதாததை எங்கே போய்க் கொடுப்பது? பக்கத்து ஊர் நீதிமன்றத்திலிருந்து ஒரு வக்கீலை அழைத்து வந்தோம். காலையில் கோபமாக வந்தார், "இதெல்லாம் என்ன அநியாயம்" என்றார். மதியம் சங்க அறைக்குச் சாப்பிடப் போனார். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க தம்பி" என்றிருப்பார்கள். அது போதும்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், "இன்னிக்கு என்ன ஆச்சு?"

"நாலு டீ" என்பாள் அம்மா.

அவ்வளவுதான் பதில். நாலு பேர் முடியாது என்றுவிட்டார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிடும்.

போன இடத்திலெல்லாம் எல்லோரும் என்னிடம் ஒன்றைச் சொன்னார்கள். "நீ சட்டம் படிச்சிருக்கலாமேம்மா." அப்பாவும் அதைத்தான் கேட்டார், பதினேழு வயதில் என்னிடம். அந்தக் கழிப்பறை நாற்றத்தைத் தினமும் கடந்து போக எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். அப்பா நான் சொன்னதைத் தொடை மேல் அடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள், இலவச சட்ட உதவிப் பட்டியலிலிருந்து ஒருவரை நீதிமன்றமே நியமித்தது. வளாகத்தில் அவருக்குப் பெயர் 'வாய்தா'. எந்த வழக்கிலும் எழுந்து தேதி தள்ளிக் கேட்பதைத் தவிர வேறு எதுவும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை. கோட்டில் ஒரே ஒரு பொத்தான்தான் மீதி. அம்மா அவரைப் பார்த்ததும், "கெட்டுது போ" என்று என் காதில் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது.

"கெட்டதுதான் தாயி. ஆனா ஒண்ணு. மத்தவங்களுக்கெல்லாம் பெரியவர்கிட்ட இழக்க ஏதாவது இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு? எனக்குக் கட்சிக்காரனும் இல்ல, எதிரியும் இல்ல" என்றார்.

சிறையில் அப்பா தன் ஜாமீன் மனுவைத் தானே எழுதி வைத்திருந்தார். கையால் எழுதிப் பழக்கம் இல்லாததால் எழுத்து கோழி கிளறியது போல் இருந்தது, ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. வாய்தா அதைப் படித்துவிட்டு, "இருபது வருஷமா நீர் அடிச்சதுக்குக் கீழதான்யா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்கு என்ன புதுசா" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். இருபத்து மூன்றாம் நாள் அப்பா வெளியே வந்தார். மெலிந்திருந்தார். மேசைக்குப் போக வேண்டாம் என்று மற்ற ஆறு பேரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் அப்பாவின் இரும்புப் பெட்டியில் ஒரு கோப்பு இருந்தது. போலீசுக்கு அது தெரியாது. பல வருடங்களாக மிஞ்சிப்போன கையெழுத்துத் தாள்கள். மொத்தம் முப்பத்தொன்று. பெரும்பாலானவற்றில் வக்கீல்களின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது: 'சனிக்கிழமைக்குள் வேண்டும்', 'பிறகு சொல்கிறேன், வைத்திரு'. அதில் நான்கு சீட்டுகள் பெரியவர் எழுதியவை. தையல்காரம்மாவின் மூன்றாவது தாளும் அதில் இருந்தது. அதில் மட்டும் சீட்டு இல்லை.

வாய்தா அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறியது. "யோவ் டைப்பு, இதான்யா உம்ம வக்கீல்! நான் எதுக்கு? இந்தக் கோப்பை ஜட்ஜு மேசையில வச்சாப் போதும். வெத்துத் தாள் வாங்கறது ஊர் வழக்கம், உம்ம தனிப் புத்தி இல்லன்னு ஆயிடும். பெரியவர் கையெழுத்துச் சீட்டே நாலு இருக்கு."

அப்பா கோப்பை மூடினார். "இதுல கையெழுத்துப் போட்டவங்களை என்ன செய்வாங்க?"

"கூப்பிட்டு விசாரிப்பாங்க. உன் கையெழுத்துதானான்னு கேப்பாங்க."

"முப்பத்தொரு பேரையுமா? அவங்க முடிஞ்சுபோன கேஸையெல்லாம் தோண்டுவாங்க. ஒருத்தரோட எதிரியாவது சும்மா விடுவானா?"

"உமக்கு உம்ம கழுத்தைப் பத்திக் கவலை இல்லையா?"

"அவங்களைக் கேக்காம ஒரு தடவை உபயோகிச்சதுக்குத்தான் இப்ப கேஸு. மறுபடியும் கேக்காம உபயோகிக்கச் சொல்றீங்க" என்றார் அப்பா.

அடுத்த நாளிலிருந்து அவர் அந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். பஸ் ஏறி, விசாரித்து, வீடு வீடாக. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போனேன். ஒரு மெக்கானிக் கிரீஸ் கையோடு தாளை வாங்கி, "நான் எப்பங்க இதைப் போட்டேன்?" என்று வியந்தார், பிறகு அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டவர் இறந்துபோயிருந்தார். அவர் மகன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோழிக்கறிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் கோபப்பட்டார்.

"ஒன்பது வருஷமா என் கையெழுத்து உன் பெட்டியிலயா கிடந்துச்சு? என் வீட்டையும் எழுதியிருந்தா?"

"எழுதலைங்க."

"எழுதலங்கறது உன் புண்ணியமா? எனக்குத் தெரியாம இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கினார். அந்த நாளில் பஸ் கம்பியில் அவர் விரல்கள் அந்த அம்மா கேட்டதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு வந்தன என்று நினைக்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் வாய்தா எங்கள் வீட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "உங்கப்பா கேஸையே வீடு வீடாப் பட்டுவாடா பண்ணிட்டு வந்துட்டாரும்மா" என்றார் என்னிடம்.

முப்பது போயிற்று. ஒன்று மிஞ்சியது. அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தையல்காரம்மாவின் தெருவில் முன்னறையின் ஷட்டரில் கொழுந்தனின் புதுப் பூட்டு தொங்கியது. வீட்டுக்குப் பக்கவாட்டில், இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த சந்தில் மெஷினைப் போட்டு அவர் தைத்துக்கொண்டிருந்தார். மேலே பிளாஸ்டிக் விரிப்பு கட்டியிருந்தது. அப்பா எதிர்ப்பக்கத்தில் நின்றார். சாலையைக் கடக்க ஒரு காலை வைத்தார், எடுத்தார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு தாள் இருந்த கவரை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தார்.

பஸ்ஸில் அவர் விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன. அதுதான் முதல் தடவை.

"ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சுடுச்சு பாப்பா" என்றார்.

"என்ன தெரிஞ்சுது?"

"அது பிரமாணப் பத்திரம் இல்லன்னு. அந்தம்மா கடையை எழுதிக் குடுக்கறாங்கன்னு. 'மனமொப்பி'ன்னு அடிக்கும்போது அவங்க சீருடைப் பையைத் தூக்கிட்டு ஓடினது ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"நிறுத்தறது என் வேலை இல்லன்னு நினைச்சேன். கீழே கையெழுத்து இருந்துச்சு, மேல வரியை நெருக்கணுமேன்னுதான் யோசிச்சேன். சரியா ரெண்டு விரல் மேலே முடிச்சேன். நல்லா வந்துச்சுன்னு கூடத் தோணுச்சு."

நான் என்ன செய்தேன் என்று நேராகவே எழுதிவிடுகிறேன். சுற்றிலும் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. பிறகு அவர் கையைப் பிடித்து, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. வக்கீல்கிட்டகூட. தெரியாம அடிச்சேன்னுதான் சொல்லணும்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏற்கெனவே வாய்தா விளக்கியிருந்தார். தெரிந்து அடித்தேன் என்றால், யார் சொல்லி அடித்தாய் என்று கேட்பார்கள். பெரியவர் மாட்டுவார், சம்மதப் பத்திரம் செல்லாமல் போகும், ஆனால் அப்பாவும் நிச்சயம் உள்ளே போவார். தெரியாமல் அடித்தேன், எது யார் கொடுத்ததென்று டைப்பிஸ்ட் கவனிப்பதில்லை, எதையும் படிப்பதும் இல்லை என்றால் தப்பிக்க ஒரு வழி இருந்தது. படித்தவள் என்று வீட்டில் பெயரெடுத்த நான் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை எட்டு மாதம் கழித்து வந்தது. ஆவண நிபுணர் ஒருவர் அந்தத் தாளைப் பெரிதாக்கிக் காட்டினார். மேலே வரிகளுக்கு இடையில் ஓர் அளவு, பாதிக்குக் கீழே நூல் நூலாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஏற்கெனவே இருந்த கையெழுத்துக்கு மேலே அடக்குவதற்காகத் திறமையாக நெருக்கப்பட்டது என்றார். 'திறமையாக' என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். விஷயத்தின் நீளம் முன்பே தெரிந்தவரால்தான் இப்படி முடியும், எனவே அடித்தவர் முழுவதையும் படித்திருக்க வேண்டும் என்றார்.

தையல்காரம்மா கூண்டில் ஏறினார். அன்றைக்கு வாய்தா தேதி தள்ளிக் கேட்கவில்லை. நீதிபதியே ஆச்சரியப்பட்டு, "இன்னிக்கு நடத்தறீங்களா?" என்று கேட்டார். பின்னால் சிரித்தார்கள்.

"வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார் வாய்தா.

"வக்கீல் சொன்னாரு. இவர் நீட்டினாரு."

"இவர் உங்களை ஏமாத்தணும்னு நினைச்சிருப்பார்னு உங்களுக்குத் தோணுதா?"

தையல்காரம்மா அப்பாவைப் பார்த்தார். "அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் போட்டேன். வக்கீல் முகத்தைப் பார்த்து இல்ல" என்றார்.

வாய்தா உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் நீதிபதி அப்பாவிடம் கேட்டார். "அடிக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" பெரியவர் முதல் வரிசையில் வேறு ஏதோ வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கதவோரம் நின்றார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையை அசைத்தேன், பஸ்ஸில் சொன்னபடியே சொல்லுங்கள் என்று.

"தெரியாதுங்க" என்றார்.

இரண்டு வருடச் சிறை. 'தெரியாது என்பது நம்பத்தக்கதாக இல்லை' என்று தீர்ப்பில் இருந்தது. யார் சொல்லி அடித்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்றும் இருந்தது. தீர்ப்பு நகலை அடித்தது முதல் மேசைக்காரர். மேல் முறையீட்டுக்கு வக்கீல் தேடும் வேலை திரும்பவும் டீயில் தொடங்கியது. வாய்தாவுக்கு அந்த வருடமே பக்கவாதம் வந்துவிட்டது.

சிறை நூலகத்தில் ஒரு பழைய மெஷின் இருந்ததாம். அடிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அப்பா மறுத்துவிட்டு, தோட்ட வேலைக்குப் போனார். மாதம் ஒரு முறை கம்பிக்கு அந்தப் பக்கம் வருவார். நான் பேசுவேன். அவர் கைகள் மேசை மேல் கிடக்கும். பத்தாம் மாதம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கொடுத்த பொருட்கள்: ஒரு கண்ணாடி, இரண்டு சட்டை, செருப்பு. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். அம்மா அதை வாங்கி, "மேல என்ன எழுதியிருக்குன்னு படி" என்று என்னிடம் கொடுத்தாள்.

போன மாதம் கவரை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனேன். சந்தில்தான் இருந்தார். யார் என்று சொன்னதும் பெடலிலிருந்து காலை எடுத்தார். தாளை நீட்டினேன். தன் கையெழுத்தைப் பார்த்தார். பெரிய துணிக் கத்திரியை எடுத்து, அளவெடுத்தது போல் கையெழுத்தை மட்டும் நாலு பக்கமும் வெட்டி, நூல்கண்டுகள் இருந்த டப்பாவில் போட்டுக்கொண்டார். மீதித் தாளைத் திருப்பித் தந்தார்.

"உக்காரு" என்றார். "உங்கப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இப்போது யாரைக் காப்பாற்றுவதற்கு? சொன்னேன். "ரெண்டாவது வரியில தெரிஞ்சுடுச்சாம்."

அவர் சந்துக்கும் தன் பழைய கடைக்கும் நடுவே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சம்மதத்தை ரத்துப் பண்ணச் சொல்லி நானும் அலையறேன். ஒரு வக்கீல் கிடைக்கல. எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் டீ வாங்கிக் குடுக்கறாங்க" என்றார். "ஜெயில் குடுத்த தீர்ப்பு மட்டும் சிவில் கோர்ட்டுக்குப் போதாதாம், நானா மனசாரச் சம்மதிக்கலைன்னு யாராவது சொல்லணுமாம். அடிச்சவர் சொன்னா போதுமாம். உங்கப்பா அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா எனக்கு இந்தச் சுவரு இல்ல. அவருக்கு எப்படியும் ஜெயில்தானே கிடைச்சுது?"

"நான் வந்து சொல்லட்டுமாம்மா?"

"கேட்டுட்டேன். செத்தவர் சொன்னார்னு மக சொன்னா, அதை எடுத்துக்க மாட்டாங்களாம். அது அவரே சொல்ல வேண்டியது." பெடலில் காலை வைத்தார். "தாளைக் குடுத்துட்டே. அதை நான் கேக்கவே இல்லையே. கேட்ட வார்த்தையை அவர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

மெஷின் ஓடத் தொடங்கியது. நான் எழுந்து வந்தேன். பஸ்ஸில் அந்தத் தாளை விரித்துப் பார்த்தேன். அடியில் ஒரு சதுர ஓட்டை. மேலே முழுப் பக்கமும் காலி.